ஆறு பம்பும் ஆறு பிளாஸ்டரும்

பத்து மணிக்கு மூன்று பம்புகளில் வெள்ளைப் பிளாஸ்டர்த் துண்டு ஒட்டியிருந்தது. பொறுப்புத் தாதி விமலேஸ்வரி ஒட்டியது இரண்டுதான்.

நோயாளிக்கு மருந்தை அளந்து ஏற்றும் பம்புகள் அந்த வார்ட்டில் ஆறு இருந்தன. எந்த மருந்தை எவ்வளவு ஏற்றலாம் என்ற பட்டியல் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் இருக்கும். அளவு மீறினால் பம்பு கத்தும். இதய மருந்தொன்று இந்த மாதம் இருமடங்கு செறிவோடு வந்துவிட்டதால், மேலிடத்திலிருந்து புதிய பட்டியலை வைஃபையில் அனுப்பியிருந்தார்கள்.

அனுப்பியதும் எல்லோரும் நிம்மதியானார்கள். வந்தால் வந்ததுதானே என்றார் டாக்டர் ஜனார்த்தனன். ஒரு பம்புக்கு வந்தால் பக்கத்துப் பம்புக்கும் தொற்றிவிடும் என்று நம்பினாள் இளைய தாதி பிரஷாந்தினி. வந்த பட்டியல் வாசலிலேயே நிற்கிறது, பம்பை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கினால்தான் உள்ளே போகும் என்பதை, இயந்திரம் திருத்துகிற சுகிர்தன் அன்று காலைதான் தொலைபேசியில் சொன்னான். உள்ளே போனதா என்று பார்க்க ஓர் இரகசிய இலக்கம் வேண்டும். அது தெரிந்தவர் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகும்போது இலக்கத்தையும் கொண்டுபோய்விட்டார்.

ஆகவே விமலேஸ்வரி ஓர் ஒழுங்கு செய்தார். மருந்து முடிகிற நேரம் பார்த்துப் பம்பை நிறுத்தி இயக்குவது. இயக்கியதும் பிளாஸ்டர் ஒட்டுவது.

மூன்றாவதை ஒட்டியது யார் என்று பிரஷாந்தினியைக் கேட்டார்.

"நான் தொடவேயில்லை சிஸ்டர். நீங்கள் ஒட்டிப்போட்டு மறந்திட்டியளோ?"

குழப்பம் தீர, இனித் தன்னைத் தவிர எந்தத் தாதியும் பம்பைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பதினொன்றரைக்கு நான்கில் பிளாஸ்டர் இருந்தது. தொடக்கூடிய ஆள் ஒருவர்தான் என்பதால், இப்போது குற்றவாளியும் ஒருவர்தான்.

சாட்சி தேடி அந்த நான்காவது பம்பின் கட்டிலுக்குப் போனார். அதில் கிடந்த உருத்திரபுரத்து ராஜரத்தினம், யார் எது கேட்டாலும் இல்லையென்று சொல்லாத மரியாதைக்காரர்.

"ஐயா, நான் வந்து இந்த மிஷினை நிப்பாட்டினனானோ?"

"ஓம் பிள்ளை. வந்தனீங்கள். சுகம் விசாரிச்சிட்டுத்தான் போனனீங்கள்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யட்டுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தார். மருந்து ஏறுகிற ஆளுக்கு ஒருதரம் நிறுத்துவதே பயம், பிளாஸ்டர் இருந்தால் முடிந்தது, இனித் தொடவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு மணிக்கு ஆறிலும் பிளாஸ்டர். விமலேஸ்வரியின் நினைவில் இருந்தது அதே இரண்டுதான். ஆறும் ஆயிற்று என்ற தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

நினைவு தவறுகிற கை மருந்தைத் தொடக்கூடாது என்று சொல்லி, தனக்கு வேலை பழக்கிய மூத்த தாதியை ஐந்து வருடங்களுக்கு முன் வீட்டுக்கு அனுப்பி வைத்தவரே அவர்தான். படியிறங்கும்போது அந்த அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

இன்னும் நான்கு வருடச் சேவை மிச்சம். 'நோயாளிகளின் பாதுகாப்புக் கருதி' என்று தொடங்கி, ஓய்வுக் கடிதத்தை முத்து முத்தான எழுத்தில் எழுதி டாக்டரிடம் நீட்டினார். இரண்டு நாள் யோசிக்கச் சொன்னார் டாக்டர்.

"இரண்டு நாளையாலை இதையும் மறந்திடுவன் டொக்டர். இப்பவே கையெழுத்து வையுங்கோ."

வைத்தார். நான்கு மணி வாகனத்தில் கடிதம் போய்விட்டது.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவரை, வார்ட்டைத் துப்புரவு செய்கிற வீரம்மா ஈரத்துணியோடு மறித்தார். கோபிக்கக்கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"காலையில மிசினத் தொடைக்கையில ஒங்க பிளாஸ்டர் ஒண்ணு கழண்டு கையோட வந்திருச்சு மிஸ்ஸி. எதுல இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஏசுவீங்கன்னு, தொடைக்கத் தொடைக்க எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு ஒட்டி வச்சிட்டேன்."