தண்ணீர் குடிக்கச் சொன்ன நாற்காலி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவோடு எழுதுவது. இங்கே நான் நலம், சோபா பட்டறையில் எல்லோரும் நலம், உங்கள் முழங்கால் வலி போன கடிதத்தில் இருந்ததைவிடக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்தக் கடிதத்துக்கு நான் உடனே பதில் எழுதினேன். அனுப்பாத அந்தப் பதில் இன்று காலை என் குடைக்குள்ளிருந்து விழுந்தது. கொஞ்ச நாளாக மழை இல்லாததால் வந்த வினை. "நேர்ல வர முடியாட்டி ஒரு போனாவது பண்ணு, உன் குரலைக் கேட்டு எட்டு மாசம் ஆச்சு" என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுத் தலை குனிந்தேன். வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களை நினைக்காத நாள் இல்லை, அத்தை. ஆனால் நினைக்கிற நேரத்தில் கையில் வேறு ஏதோ இருக்கிறது, அதைக் கீழே வைக்கும்போது நினைப்பையும் அதோடு சேர்த்து எங்கேயோ வைத்துவிடுகிறேன்.

சின்ன வயதில் எனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தீர்களே, இந்த முப்பத்தெட்டு வயதில் ஒரு மருத்துவர் அதற்கு வேறு பெயர் சொல்லியிருக்கிறார், ஏ.டி.எச்.டி. என்று. அவரைப் பார்க்கப் போனதே ஒரு கதை. முதல் தடவை மறந்துவிட்டேன். இரண்டாம் தடவை மறக்கவில்லை, ஆனால் ஒரு நாள் முன்னதாகப் போய்விட்டேன். மூன்றாம் தடவை சரியான நாளில், சரியான நேரத்தில், பக்கத்துக் கட்டடத்துப் பல் மருத்துவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் தடவை போனபோது இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "பாதிப் பரிசோதனை முடிஞ்ச மாதிரிதாம்மா" என்றார். இது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, உன் மூளை கவனத்தைப் பிடித்துவைக்கிற விதம் வேறு, அவ்வளவுதான் என்று அவர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருடமாக என்னை நானே திட்டிக்கொண்டதை எல்லாம் யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் அழுதேன். அழுது முடித்து, அவருடைய பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாத்திரையோடு ஒரு வழியும் சொன்னார். போனில் மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்துக்கொள், வெறும் மணியோசை என்றால் இரண்டு நாளில் பழகிப்போகும், அதனால் உன் குரலிலேயே பேசிப் பதிவு செய் என்றார். செய்தேன். காலை பத்து மணிக்கு, "கையில இருக்கிறதை முடி, அப்புறம்தான் அடுத்தது." பன்னிரண்டுக்கு, "போதும், நிறுத்து. தண்ணி குடி." மாலை ஆறுக்கு, "எல்லாத்தையும் வெச்சுட்டு வீட்டுக்குப் போ." இப்படி ஒன்பது. மூன்று வாரம் நான் சொல்வதை நான் கேட்டு நடந்தேன். என் வாழ்க்கையில் யாரும் செய்யாத சாதனை அது.

இனிமேல்தான் விஷயம். எங்கள் முதலாளி நல்லவர், ஆனால் அவர் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. போன வருடம் ஒரு வக்கீல் வீட்டு சோபாவுக்குள் அளவு நாடாவை வைத்துத் தைத்தேன். அதற்கடுத்து ஒரு தம்பதியின் கட்டில் தலைமாட்டுக்குள் என் மூக்குக்கண்ணாடியை வைத்துத் தைத்தேன். கண்ணாடி இல்லாததால் அது உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. அப்போதே முதலாளி சொல்லிவிட்டார், "இன்னும் ஒரு பொருள் உள்ளே போச்சுன்னா நீ வெளியே போயிடணும்" என்று. எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது, அத்தை. இதற்கு முன் ஏழு இடத்தில் வேலை பார்த்து ஏழு இடத்திலும் நிலைக்காமல், துணியை இழுத்துப் பிடித்து மரத்தில் பின் அடிக்கும்போது மட்டும்தான் என் தலைக்குள் சத்தம் அடங்குகிறது என்று கண்டுபிடித்து உட்கார்ந்த இடம் இது.

அப்படியிருக்க, நூலக அரங்கத்துக்கு அறுபது நாற்காலிக்குப் புது வெல்வெட் போடுகிற வேலை வந்தது. கடைசி நாள், கடைசிச் சில நாற்காலிகள். போனில் தூசி படுகிறதே என்று அதைக் கையிலிருந்த நாற்காலியின் பலகைக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பத்திரமாக வைத்தேன். பத்திரமாக வைக்கிற பொருள்தான் எனக்கு எப்போதும் தொலையும். அந்த நேரம் ஸ்பாஞ்சு வெட்டுகிற பஞ்சு அண்ணன், "இந்தக் கத்தி யாரோடது?" என்று கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்து, இழுத்துப் பின் அடித்து முடித்தேன். மாலை நாலு மணிக்கு அறுபது நாற்காலியும் வண்டியேறிப் போயின. நாலரைக்குப் போனைத் தேடினேன். அழைப்பு மணியை அமர்த்தி வைத்திருந்ததால் கூப்பிட்டுப் பார்த்தும் பயனில்லை. பேருந்தில் விட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு எங்கே இருக்கும் என்று உள்மனதுக்குத் தெரியும். முதலாளியிடம் வாய் திறக்கவில்லை. அன்று ஆறு மணிக்கு அரங்கத்துக் காவலாளி, மேலதிகாரி யாரோ சொல்கிறார் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். இது பிறகு தெரிந்தது.

மறுநாள் அரங்கத் திறப்பு. பதினோரு மணிக்கு ஒலிபெருக்கியைச் சோதித்த சத்தத்தில் என் பதினோரு மணிக் குரல் யார் காதிலும் விழவில்லை. அதற்குப் பின் சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்தார். வாசிப்பின் பயன்கள் பதினேழு என்றார். பன்னிரண்டு மணிக்கு ஆறாவது பயனில் இருந்தார். முதலாளிக்குப் பக்கத்தில் நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது வரிசையிலிருந்து என் குரல் கணீரென்று சொன்னது, "போதும், நிறுத்து. தண்ணி குடி."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அந்த நாற்காலியில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். பாவம், எழுந்து நின்று, "நான் சொல்லலை" என்றார். அவர் எழுந்ததும் அதே குரல் மறுபடியும், இன்னும் தெளிவாகக் கேட்டது. விருந்தினர் பேச்சை நிறுத்திவிட்டு மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தார். முதலாளி மெதுவாக என் பக்கம் திரும்பினார். கைவசம் மூன்று பொய் தயாராக இருந்தது, அத்தை. இத்தனை வருடம் அவற்றை வைத்துத்தான் காலம் தள்ளினேன். அன்று என்னவோ ஒன்றும் சொல்லப் பிடிக்கவில்லை. எழுந்து நின்று, "அது என் குரல்தான். என் போனை உள்ளே வெச்சுத் தைச்சுட்டேன்" என்றேன். நேராகப் போய் நாற்காலியைக் கவிழ்த்து, பையிலிருந்த கருவியால் பின்களைப் பிடுங்கி, போனை எடுத்து, வெல்வெட்டைத் திரும்ப இழுத்து அடித்தேன். ஆறு நிமிடம். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நிமிர்ந்தபோது நீதிபதி துணியில் ஒரு சுருக்கமாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, இல்லை என்று சபைக்கு அறிவித்தார். கை தட்டினார்கள். விருந்தினர் பதினேழாவது பயனுக்குத் தாவி முடித்துக்கொண்டார்.

முதலாளி வண்டியை ஓட்ட, பட்டறைக்குத் திரும்பினோம். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "தொலைஞ்சது தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்றார்.

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

மருத்துவர் சொன்னதை எல்லாம் அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதுக்குன்னு தனியாப் பேரெல்லாம் இருக்கா? நான் உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "மறைச்சிருந்தா அனுப்பியிருப்பேன். நீயா எழுந்து சொன்ன. உள்ள போ, வேலை கெடக்கு" என்றார். கழிப்பறையில் போய் இன்னொரு தடவை அழுதேன், இது நல்ல அழுகை.

இப்போது சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை மஞ்சள் வண்ணத்தில் வரைந்திருக்கிறோம். கத்தரிக்கோலுக்கு ஓர் இடம், நாடாவுக்கு ஓர் இடம், என் கண்ணாடிக்கு, என் போனுக்கு. பலகை நிறையாமல் ஒரு நாற்காலியும் வாசல் தாண்டக் கூடாது. எனக்காகப் போட்ட பலகை, முதல் வாரமே பஞ்சு அண்ணனை நாலு தடவை பிடித்துக் கொடுத்தது. நீங்கள் பழுது பார்க்க அனுப்பிய சாய்வு நாற்காலியையும் இந்தப் பலகையின் கண்காணிப்பில்தான் முடித்து இன்று வண்டியில் ஏற்றினேன். முழங்காலுக்கு இதமாக ஸ்பாஞ்சு இரண்டு மடங்கு வைத்திருக்கிறேன். இனி உங்கள் பம்பரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். எதுவும் தொலையாது.

உங்கள் ஆசி என்றும் வேண்டும். வலி குறைந்து, பசி எடுத்து, நன்றாகத் தூங்கி நூறு வயது இருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு அண்ணன் மகள்,
பம்பரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பஞ்சு அண்ணன் வந்து பலகையிலிருந்த போனை எடுத்துக்கொண்டு போனார். "அது என்னுது, இடம் காலியா இருந்துச்சு, மாட்டி வெச்சேன்" என்கிறார். உங்கள் நாற்காலி வண்டியில் மூன்று சோபாவுக்கு அடியில் கட்டிக் கிடக்கிறது. "கட்டினது கட்டினதுதான்" என்று ஓட்டுநர் கிளம்பி நிற்கிறார், இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுக்கிறேன். முதலாளியிடம் ஓடிப்போய் உடனே சொல்லிவிட்டேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "நீயே போய்ப் பிரிச்சு எடு, ரெண்டு நாள் லீவு" என்றார். சனிக்கிழமை காலை வந்துவிடுகிறேன். அதுவரை, என் குரலைக் கேட்கவில்லை என்றீர்களே, நாளை பத்து மணியிலிருந்து மணிக்கு ஒரு தடவை கேட்கும். தண்ணீர் குடிக்கச் சொன்னால் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆறு மணிக்கு எல்லாவற்றையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வேன். அதை மட்டும் கேட்க வேண்டாம், அத்தை. நீங்கள் அங்கேயே இருங்கள், நான் வருகிறேன்.