லைசென்ஸ் கேட்ட மூக்கு

அரசாங்கம் தன்னைக் கட்டுப்படுத்தவில்லையே என்று மனம் வருந்திய ஒரே மனிதரை நான் நாமக்கல்லில்தான் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் விதியைத் தளர்த்தச் சொல்லி மனு கொடுப்பார்கள். மோப்பம் என்று ஊரே கூப்பிடும் அவர் மட்டும் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று, தனக்குப் பரீட்சை வைக்கச் சொல்லியும், தேறாவிட்டால் கடையைப் பூட்டச் சொல்லியும் மனு கொடுப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. சோபா, மெத்தை, கார் சீட்டு, லாரி கேபின் என்று எதில் எது கொட்டினாலும் எடுப்பது அவர் தொழில். தீப்பிடித்துக் கரி படிந்த சமையலறையையும், மழைநீர் புகுந்து பூஞ்சை பிடித்த அறையையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவார். மோகனூர் ரோட்டில் அவருடைய தகரக் கொட்டகை. அடுத்த கட்டடத்து மாடியில் எங்கள் பத்திரிகையின் நாமக்கல் அலுவலகம். எங்கள் ஜன்னலைத் திறந்தால் அவர் பினாயில் உள்ளே வரும். மூடினால் அவர் குரல் வரும்.

வேலைக்குப் போன வீட்டில் அவர் வாளியைக் கீழே வைக்கும் முன்பே முகர்ந்துவிடுவார். சோபாவில் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடி, பிறகு தீர்ப்புச் சொல்வார். ஒருமுறை சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு வீட்டுக்காரர் என் எதிரிலேயே, “டீ கொட்டிருச்சுங்க” என்றார்.

மோப்பம் தலையைத் தூக்கவில்லை. “டீ இல்லீங்க, பிராந்தி. அதும் பழசு இல்லீங்க, நேத்து.”

வீட்டுக்கார அம்மா அப்போதுதான் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தச் சோபாவில் கறை போய்விட்டது. அந்தக் கணவர் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தால் இன்னமும் வேறு பேருந்தில் ஏறிக்கொள்கிறார்.

லைசென்ஸ் விஷயத்தில் அவர் வாதம் எளிமையானது. “கோழிக்கு ஊசி போடப் படிப்பு வேணும். லாரி ஓட்ட லைசென்ஸ் வேணும். ஊட்டுக்குள்ள ஆசிட் கேனைத் தூக்கிட்டு வாரவனுக்கு மட்டும் ஒண்ணும் வேண்டாமுங்களா சார்?”

“லைசென்ஸ்னு ஒண்ணு வந்தா கூடவே புரோக்கரும் வருவாருங்க” என்றேன் நான்.

“அவருக்கும் ஒரு லைசென்ஸ் குடுத்துரோணுமுங்க.”

கலெக்டர் ஆபீஸில் அவரை எல்லோருக்கும் தெரியும். நகராட்சிக்கு அனுப்பினார்கள். நகராட்சி சுகாதாரத்துக்கு அனுப்பியது. சுகாதாரம் தொழிலாளர் துறைக்கு அனுப்பியது. அங்கே ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களால யாருக்காச்சும் பாதிப்பு இருக்குதுங்களா?” என்றாராம். இல்லை என்றதும், “அப்புறம் எதுக்குங்க லைசென்ஸ்?” என்று அனுப்பிவிட்டார். நல்லவனாக இருப்பது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய தடங்கல் என்று மோப்பம் அன்று சாயங்காலம் முழுக்க என்னிடம் விளக்கினார்.

அரசாங்கம் சட்டம் போடும்வரை காத்திருக்க முடியாது என்று, முதல் விதியை அவரே கொட்டகைச் சுவரில் பெயின்ட்டில் எழுதிவிட்டார்: ‘வாசம் தெரியாதவன் இந்தத் தொழில் செய்யக் கூடாது.’ வேலை கேட்டு வருபவர்களிடம் ஒரு துணியை நீட்டுவார். முகர்ந்து பார்த்துச் சரியாகச் சொல்லாவிட்டால், “சளி சரியானதும் வா சாமி” என்று அனுப்பிவிடுவார். ஒருவர்கூடத் தேறவில்லை. அதனால் அவர் தனியாகத்தான் வேலை செய்துவந்தார்.

கொரோனா வந்து போன பிறகு அவரிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். முன்பு தீர்ப்புச் சொன்னவர், இப்போது விசாரிக்க ஆரம்பித்தார். “என்னங்க கொட்டுச்சு? எப்பங்க?” என்று கேட்பார். முகர்வதை மட்டும் விடவில்லை. முகர்ந்துவிட்டு வீட்டுக்காரர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். வயதானால் மரியாதை வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணச் சீருக்காக வாங்கிய புதுக் கார். சீட்டில் பாலிதீன்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். பிரித்துத் தொலைத்த அன்றே விருந்துச் சமையலுக்கென்று முட்டை அட்டைகளைப் பின்சீட்டில் அடுக்கியிருக்கிறார். தினமும் லாரி லாரியாக முட்டை அனுப்புகிறவர், சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் ஏற்றினார். திருச்செங்கோடு ரோட்டில் வேகத்தடை. அட்டைகள் மொத்தமும் கவிழ்ந்து, முட்டை உடைந்து சீட்டுக்குள் இறங்கிவிட்டது.

அவர் நேரே மோப்பத்திடம் வரவில்லை. முந்தின மாதம்வரை செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் புதிதாக நீராவி மெஷின் வாங்கியிருந்தார். அவரைக் கூப்பிட்டார். நீராவிக்காரரும் வீடியோவில் பார்த்தபடியே சீட்டின் மேல் கொதிக்கக் கொதிக்க ஆவியைப் பாய்ச்சினார். உடைந்த முட்டை மேல் சூடு பட்டால் என்ன ஆகும் என்று தினமும் ஆம்லெட் சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரியும். முட்டை ஊரான நாமக்கல்லில், முட்டைக்காரர் மேற்பார்வையில், ஒரு கார் சீட்டு உள்ளேயே வெந்துபோனது.

கொட்டகை வாசலில் கார் நின்றபோது மாடியிலிருந்த எங்களுக்கே தெரிந்துவிட்டது. பண்ணைக்காரர் மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார்.

“முட்டையிலயே பொழைக்கறவனுங்க நான். எனக்கே தோணலீங்களே. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கதவத் தொறந்தா எம்புள்ளயப் பத்தி என்னங்க நெனப்பாங்க?”

நான் கீழே இறங்கி வந்தேன். லைசென்ஸ் பற்றிய நீண்ட உரை ஒன்றை எதிர்பார்த்தேன். மோப்பம் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். துண்டு கட்டாமல், முகம் சுளிக்காமல், நிதானமாக, பூந்தோட்டத்தில் நிற்பவர் போல நின்றார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், நீங்க கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்றீங்களா?”

“இதுக்கு மோந்து வேற பாக்கோணுமாங்க?”

“எனக்குத் தெரியலீங்க.” குரலைத் தாழ்த்தினார். “அந்தக் காய்ச்சல்ல போனதுங்க. திரும்பலீங்க. இத்தன நாளா ஊட்டுக்காரங்க மூஞ்சியப் பாத்துத்தான் வேல செஞ்சேன். பாதி வாசம் மூஞ்சியிலயே தெரிஞ்சுருமுங்க. இந்த வேல அப்பிடிச் செய்ய முடியாது. கல்யாணக் காருங்க.”

என் பார்வை தானாகச் சுவருக்குப் போனது. அவருடையதும் போனது.

“ஆமாங்க. அந்தச் சட்டப்படி மொதல்ல என் கடையத்தான் பூட்டோணும்.”

“யாருக்குங்க தெரியப்போகுது?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு எந்தத் தொழிலுக்கும் லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. நேரே பண்ணைக்காரரிடம் போனார்.

“ஏனுங்க, ஒண்ணு சொல்லிப்போடறேன். எனக்கு வாசம் தெரியாதுங்க. வேல நான் செய்யறேன், மூக்கு இவருது. உங்களுக்கு இஷ்டமில்லீன்னா சேலத்துல பெரிய கடைங்க இருக்குது, கொண்டு போயிருங்க.”

பண்ணைக்காரர் துண்டை அவிழ்த்தார். முகர்ந்துவிட்டு உடனே திரும்பக் கட்டிக்கொண்டார். “இதோட சேலம் வரைக்கும் யாருங்க ஓட்டுறது? மூக்கு யாருதா இருந்தா எனக்கென்னங்க.”

இப்படித்தான் நான் துப்புரவுத் தொழிலில் சேர்ந்தேன். சேர்வதற்கு முன் மோப்பம் பரீட்சை வைக்கத் தவறவில்லை. ஒரு துணியை நீட்டினார். மண்ணெண்ணெய் என்றேன். சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சீட்டைக் கழற்றினார். வெந்த பஞ்சை வெட்டி எறிந்துவிட்டு, லாரி பாடி பட்டறையில் புதுப் பஞ்சு வெட்டி வாங்கி வந்தார். உறையையும் தரைவிரிப்பையும் பச்சைத் தண்ணீரில் மட்டுமே அலசி, ஏதோ பொடி போட்டு ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டார். நான் மாடியில் செய்தி எழுதிக்கொண்டிருப்பேன். கீழேயிருந்து குரல் வரும்: “சார், மூக்கு!” பேனாவை மூடிவிட்டு இறங்குவேன்.

“எப்பிடீங்க இருக்குது?”

“நனைஞ்ச கோழி.”

“நல்லதுங்க, முன்னேறுது.”

மறுபடி அலசுவார். மறுபடி இறங்குவேன். “இப்பங்க?”

“ஓட்டல் கை கழுவற இடம்.”

“பாதிக் கெணறு தாண்டியாச்சுங்க.”

கடைசியில் ஒருநாள் தலையை உள்ளே விட்டபோது புது ரெக்சின் வாசம் மட்டும்தான் இருந்தது. சொன்னேன். அவர் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பழக்கம். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார். அந்தக் கார் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதை, இலை போட்ட பந்தியில் உட்கார்ந்து நாங்கள் இருவருமே பார்த்தோம். விருந்தில் முட்டை இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வரிசையில் நின்றார். சுவரிலும் மனுவிலும் ஒரு வரி கூடியிருந்தது: ‘வாசம் தெரியாதவன் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாசம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.’ சொன்னபடி எல்லோரிடமும் சொல்லியும் விடுகிறார். சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். நீராவிக்காரர் கடையில் கூட்டம் குறையவில்லை. சட்டம் என்று ஒன்று வந்தால், முதல் நாளே லைசென்ஸ் வாங்கிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுபவர் அவராகத்தான் இருப்பார் என்பது என் கணிப்பு. மோப்பத்திடம் இதை நான் சொல்லவில்லை.

இப்போது என்னைச் சேலத்துக்கு மாற்றிவிட்டார்கள். மோப்பத்தின் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் எனக்குப் போன் வருகிறது. “சார், ஒரு மெத்தைங்க. நாளைக்கு இந்தப் பக்கம் வாரீங்களா?”

அங்கேயே பக்கத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கக் கூடாதா என்றேன் ஒருநாள்.

“கேட்டுப் பாத்தனுங்க. யாரும் தேறலீங்க சார்.”

சளி பிடித்துவிடாமல் பார்த்துக்கொண்டு, நாமக்கல் பேருந்தில் ஏறிவிடுகிறேன்.