ஆறு பேருக்குப் போதுமான கச்சான்

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது கவிஞர்களுக்கு நல்லது. விமானங்களுக்கு நல்லதல்ல. இதை நான் இருபத்து நான்காவது வயதில், ஆறு பேரை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு கற்றேன்.

அப்போது எனக்கு மன்னாரில் ஒரு சின்ன ஓடுபாதையில் வேலை. குட்டி விமானங்களை வாடகைக்கு விடும் கொழும்புக் கொம்பனி ஒன்று, மாதத்தில் இரண்டு தரம் இங்கே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். அவர்களுடைய மன்னார்க் கிளை முழுவதும் நான்தான். (உட்கார ஒரு கதிரையும் இருந்தது.) ஓடுபாதையில் நிற்கும் கழுதைகளைக் கலைப்பதும், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், முகில் எப்படி என்று கொழும்புக்கு அறிவிப்பதும் என் கடமை. ஊரில் யாராவது கேட்டால் “ஏவியேஷன்” என்று மட்டும் சொல்வேன். கழுதைகளைப் பற்றி விரிவாகப் பேசுவதில்லை.

வேலை தற்காலிகம். ஆறு மாதம் முடிகிற ஆடியில், முதலாளியே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. காற்றாலை போட இடம் தேடும் நான்கு பேரை அழைத்து வருகிறார். என் நிரந்தர நியமனக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறார். அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார். முப்பது வருடம் கடலுக்குப் போன அப்பா, பூசைக்கு மட்டும் போடும் வெள்ளைச் சேர்ட்டோடு சைக்கிளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். சாப்பாடு ஒரு சாட்டு. மகன் கடிதம் வாங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிக்கை அனுப்பும் நேரம் வந்ததும் காற்றின் வேகம் அளக்கிற கைக்கருவியை எடுத்தேன். உள்ளே பற்றரி இல்லை. முந்தின நாள் கிரிக்கெட் பார்ப்பதற்காக அதைக் கழற்றி வீட்டு டீவி ரிமோட்டில் போட்ட மகான் நானேதான். இலக்கம் இல்லாமல் படிவம் அனுப்ப முடியாது. உண்மையைச் சொன்னால் நியமனம் அம்போ. வாயால் சொன்னால் யாரும் இலக்கம் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது.

“அப்பா, காத்து என்ன மாதிரி?”

அப்பா வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கச்சான். நல்லா எழும்பிட்டுது. நானெண்டா வள்ளம் இறக்கமாட்டன்.”

எங்கள் கரையில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். கச்சான் என்றால் நிலக்கடலை என்பது இலங்கை முழுக்கத் தெரிந்த விஷயம். (எனக்கும் தெரியும். வாரம் இரண்டு பொட்டலம் தின்கிறவன்.) ஆனால் கடலுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு, வேலை நேரத்தில் கச்சான் என்றால் காற்றுத்தான்.

கொழும்புக் கந்தோரில் தொலைபேசியை எடுத்தவர், வேலைக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகாத பெண். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். விருந்தினருக்குக் கடிக்க மன்னாரில் என்ன கிடைக்கும் என்று விசாரிக்கும்படி முதலாளி அன்று காலைதான் அவரிடம் சொல்லியிருந்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

“மிஸ், மன்னாரிலயிருந்து கதைக்கிறன். இஞ்ச கச்சான் நல்லா இருக்கு.”

“கச்சானா? நல்லதாப் போச்சு. சூடா இருக்கா?”

“ஓம் மிஸ், சரியான சூடு.” (ஆடிக் கச்சான் சுடத்தான் செய்யும். பெண் விவரமானவர் என்று நினைத்தேன்.)

“ஆறு பேர் வர்றாங்க. தாராளமா இருக்கும்தானே?”

“அறுபது பேர் வந்தாலும் காணும். பைலட்டிட்டக் கட்டாயம் சொல்லுங்கோ மிஸ்.”

“சொல்றேன். ரொம்ப சந்தோஷப்படுவார்.”

அந்தச் சந்தோஷம் மட்டும் கொஞ்சம் இடித்தது. விமானிகளுக்குச் சவால் பிடிக்கும் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விமானம் வந்தது. ஓடுபாதை வடக்குத் தெற்காகக் கிடந்தது. கச்சான் அதற்குக் குறுக்கே அடித்தது. விமானம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கி வந்தது. ஒரு சிறகு திடீரென்று தாழ, நான் “மாதாவே!” என்று கத்திவிட்டேன். அது எழும்பிப் போய், சுற்றி, இன்னொரு தரம் வந்தது. இந்தமுறை யன்னலில் ஒரு முகமும், அந்த முகத்தில் ஒரு கடதாசிப் பையும் தெரிந்தன. என் நிரந்தர நியமனம் என் தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே போய்விட்டது.

ஒரு பற்றரிக்கு வெட்கப்பட்டு ஆறு பேரைக் கொல்லப் பார்த்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கடிதம் நினைவிலேயே இல்லை. அப்பா, சேர்ட் படபடக்க, விமானம் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்ல ஓட்டி. திரும்பிப் போகத் தெரிஞ்சவன்,” என்றார்.

பின்னேரம் முதலாளி தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, அவ்வளவு காத்து அடிக்குது. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னனான் சேர். கச்சான் எண்டு சொன்னனான்.”

“அதை நம்பித்தான் நாங்க காலைல சாப்பிடாமக்கூட வந்தோம்,” என்றார்.

விமானி காற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறார். “அதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல, கச்சான் மட்டும் சூடா இருக்காம்” என்று பெண் உள்ளபடியே சொல்லியிருக்கிறார். சொல்லும்படியான காற்று இல்லை என்று விமானியும் முடிவு செய்துவிட்டார்.

காற்றாலைக்காரர் நால்வருக்கும் பரம திருப்தியாம். இறங்கிப் பார்க்கத் தேவையே இல்லை, மன்னாரில் காற்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்காவது எனக்கு ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன். வேலை நீக்கக் கடிதம்தான் வந்தது, அதுவும் தபாலில்.

இப்போது எனக்கு அடம்பனில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை. கலியாணப் பேச்சுக்கு நானாட்டானுக்குப் போனபோது, பெண்ணின் தகப்பன் நல்ல வேலையை ஏன் விட்டேன் என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத அப்பா, “காத்து ஒத்துவரேல்ல” என்றார். பெரியவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். உள்ளறையில் மட்டும் யாரோ வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. மன்னார்க் கதை எனக்கு முன்னமே நானாட்டானுக்கு வந்து சேர்ந்திருந்தது.

சிரித்தவரைத்தான் கட்டினேன். பிள்ளைகள் இரண்டு. வாசலில் நின்று “இண்டைக்குக் காத்துக் கூடிப்போச்சு” என்று வாய் தவறிச் சொன்னால் போதும், தாயும் பிள்ளைகளும் ஒன்றாகக் கேட்கிறார்கள்: “வறுத்ததோ, அவிச்சதோ?”

அவிச்சது என்று சொல்லிவிட்டு நான் கடைக்குப் போய்விடுகிறேன்.