மாப்பிள்ளை வண்டிக்கு நான் கட்டிய ஈரச் சாக்கு

மாப்பிள்ளையின் வண்டிக்குத் தீ வைத்தவள் நான்தான். ஊரில் கேட்டால் வெயில் என்பார்கள், வயர் என்பார்கள். நம்பாதீர்கள். நல்லது செய்வதாக நினைத்து இந்தக் கையால்தான் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். நாலு வருடம் ஆகிறது. 

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். பேச்சும் அதற்கு மேல் வளரவில்லை. பஸ்ஸில் "ஸ்டாப்பிங்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். (ஒரு தடவை இல்லை, மூணு தடவை.) அப்படிப்பட்டவள் மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசுவேன்? எங்கள் பக்கம் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நின்று பேசுகிற வழக்கம் முன்பெல்லாம் கிடையாது. இப்போது எல்லாரும் பேசுகிறார்கள், நான்தான் பேசவில்லை. கடைசிப் பெண் கலாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் வரைக்கும் அவரிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கலாவிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். கலா பக்கத்தில் இல்லையென்றால் கதவிடம் சொல்வேன்.

"சோறு ஆயிருச்சு, கை கழுவலாம்" என்று கதவைப் பார்த்துச் சொல்வேன். அவரும் தங்கமான மனுசன். கதவைப் பார்த்தே "சரிங்க" என்பார்.

கலாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. மீன்சுருட்டியில் அவள் மாமியார் வீட்டில் வைத்திருந்தார்கள். நல்ல கோடை. ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது, அதற்குள் காப்புப் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் அன்றைக்கே பெண்ணைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரலாம். ஒரு மாதமாகவே கலா போனில் "எப்பம்மா கூட்டிட்டுப் போவ" என்று அழுதுகொண்டிருந்தாள். உடையார்பாளையத்திலிருந்து நாங்கள் வேனில் போய் இறங்கி, தட்டுகளை அடுக்கும்போது பார்க்கிறேன், வெள்ளிக் காப்பு இல்லை. வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. பீரோ சாவி என் இடுப்பில் இருக்கிறது.

சம்பந்தியம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "பரவால்ல சம்பந்தி, எட்டாம் மாசம் ஆகாது, ஒன்பதாம் மாசம் வச்சுக்கலாம். அதுவரைக்கும் பொண்ணு எங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்றார்கள். கலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் நடந்தே போய் எடுத்து வந்திருப்பேன்.

வேன் டிரைவர் சொந்தக்காரர் வீடு என்று எங்கேயோ போய்விட்டார். மாப்பிள்ளை தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றார். "சாவியக் குடுங்க, நான் போய் எடுத்தாரேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த பீரோ என் கைக்கு மட்டும்தான் திறக்கும். கைப்பிடியைத் தூக்கி, முழங்காலால் ஒரு இடி இடிக்க வேண்டும். இதை மாப்பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

என் வீட்டுக்காரர்தான், "நீயே கூடப் போ. ஏறு, வண்டி கடிக்காது" என்றார்.

நடுவில் ஒரு பையை வைத்து, ஒருக்களித்து உட்கார்ந்து போனேன். போகிற வழியெல்லாம் ஒரு பேச்சு இல்லை. வீடு, பீரோ, காப்பு எல்லாம் சரியாக நடந்தது. திரும்பும்போதுதான் வண்டி முனக ஆரம்பித்தது. விடிந்ததிலிருந்து வாழையிலைக்கும் ஐஸுக்கும் நாற்காலிக்கும் அலைந்த வண்டி. அதோடு இந்த வெயிலில் போகவர ஐம்பது கிலோமீட்டர். ஜெயங்கொண்டம் தாண்டி, முந்திரிக்காட்டு ஓரமாக நுங்கு விற்கிற இடத்தில் அதுவாகவே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை வண்டியை நிழலுக்குத் தள்ளினார். நுங்குக்காரப் பெண் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஊத்தட்டுங்களா?"

"ஐயய்ய, வேணாங்க. சூடான இன்ஜின்ல தண்ணி ஊத்துனா விரிசல் விட்டுரும். ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு, அதான் இப்படி. அரை மணி நேரம் நிழல்ல நின்னா தானா ஆறிரும்" என்றார். அதற்குள் அவர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே மரத்துக்கு அந்தப் பக்கம் போனார்.

மணி பதினொன்று தாண்டிவிட்டது. இதில் அரை மணி போனால் என்ன மிச்சம்? நான் வண்டியைப் பார்த்தேன். நுங்குக் குலைமேல் கிடந்த ஈரச் சாக்கைப் பார்த்தேன். பானைக்கு ஈரத்துணி சுற்றினால் தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. தண்ணீர் ஊற்றத்தானே கூடாது என்றார்? ஈரச் சாக்கு கட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. (அஞ்சாவது படித்த மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது பாருங்கள்.)

"இந்தச் சாக்கு ஒண்ணு குடும்மா" என்று கேட்டேன். நான் வாய்விட்டுக் கேட்டதே பெரிய விஷயம்.

"எதுக்கும்மா?"

"வண்டிக்கு."

"வண்டிக்கு ரெண்டு நுங்கும் தரட்டுமா?" என்று சிரித்தபடி ஒரு கிழிந்த சாக்கை நனைத்துக் கொடுத்தாள்.

டேங்குக்குக் கீழே, இன்ஜினைச் சுற்றி, தொட்டில் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி இறுக்கிச் சுற்றினேன். நுங்குக் குலை கட்டியிருந்த நார்க் கயிறு போட்டு இரண்டு முடிச்சு. நுனி தெரியாமல் உள்ளே திணித்தேன். உஸ்ஸென்று ஆவி வந்தது. பாவம், எவ்வளவு தாகமோ என்று நினைத்தேன். வண்டிக்குக் காற்றுப் பட்டுத்தான் சூடு தணியும் என்பதும், நான் அதன் மூக்கையும் வாயையும் பொத்திக் கட்டியிருக்கிறேன் என்பதும் பிறகு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை போனில் திட்டு வாங்கிக்கொண்டே ஓடி வந்தார். "இல்லம்மா, வந்துட்டோம், வந்துட்டோம்." கீழே குனிந்தே பார்க்கவில்லை. உதைத்தார், வண்டி பிடித்துக்கொண்டது. "பரவால்லியே, அதுக்குள்ள ஆறிருச்சே" என்று தனக்குத்தானே சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். அடுப்புத் துணி கருகுகிற வாசம் வந்தது. யார் வீட்டிலோ சோறு அடிபிடிக்கிறது, பேச்சு சுவாரஸ்யம் போலிருக்கிறது என்று எண்ணினேன். அடுத்த ஊர் வந்தது, அங்கேயும் அதே வாசம். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் சோறு கருகாதே என்று கீழே பார்த்தேன். என் காலடியில் புகை.

உடனே சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? கலா இல்லை, கதவும் இல்லை. தொண்டையைச் செருமினேன். அவர் ஹெல்மெட்டைக் கொஞ்சம் திருப்பினார், நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு பக்கத்து முந்திரி மரங்களைப் பார்த்து, "ஏதோ பொகையுது போலருக்கு" என்றேன். மரங்களுக்குக் கேட்டிருக்கும். எதிரே வந்த சிமெண்டு லாரிக்காரர் ஆரனை அழுத்திக் கையை ஆட்டினார், மாப்பிள்ளை மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். அடுத்து எதிரே வந்த ஒரு பஸ்ஸின் கண்டக்டர் தகரத்தைத் தட்டித் தட்டிக் கத்தினார். மாப்பிள்ளை அதற்கும் கையைத் தூக்கி ஒரு வணக்கம் போட்டார்.

அப்போது சாக்கின் ஓரத்திலிருந்து நாக்கு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. மஞ்சளாக. அதற்கு மேலே பெட்ரோல் டேங்க். அதற்குப் பின்னாலேயே என் மகளின் புருசன். அவள் வயிற்றில் ஏழு மாதம்.

என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. காப்பு வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவால் அவர் ஹெல்மெட்டில் ஓங்கி ஒன்று போட்டேன். வாயிலிருந்து வந்தது இது:

"டேய், நிறுத்துடா. எரியுதுடா."

வண்டி நிற்பதற்குள் அவர் குதித்துவிட்டார். என்னையும் இழுத்துத் தள்ளினார். நான் கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் செம்மண்ணை வாரி வாரி அடித்தேன். பாதி நெருப்பில் விழுந்தது, பாதி அவர் வெள்ளைச் சட்டையில். தீ அணைந்தது. வயரெல்லாம் கருகித் தொங்கியது. கயிற்றின் முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றேன். சாக்கு கட்டினதுக்கா, தலையில் அடிச்சதுக்கா, "டேய்" சொன்னதுக்கா, எதற்கு முதலில் வெட்கப்படுவது என்றே தெரியவில்லை.

அவர் பின்னால் வந்த பஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்தார்.

பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது வீட்டுக்குள் நுழைந்தோம். கரிக்கையோடுதான் காப்பை மாட்டினேன். கலாவின் மணிக்கட்டில் என் விரல் அஞ்சும் பதிந்தது. அவள் அழுகையும் சிரிப்புமாக என் கையை விடவே இல்லை.

சம்பந்தியம்மா எங்கள் கோலத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். "என்னடா ஆச்சு?"

"வயர் எரிஞ்சிருச்சும்மா. வெயிலு." சாக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அத்தை பார்த்துச் சொன்னாங்க."

கூடத்தில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "சம்பந்தி உன்கிட்ட பேசினாங்களா? என்னடா சொன்னாங்க?"

அவர் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, "மாப்பிள்ளை, சித்த நிறுத்துங்கன்னாங்க" என்றார்.

சாயந்திரம் கலாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்ததில் அப்போதே பிரசவம் ஆகிவிடுமோ என்று பயந்துபோனேன். அன்றைக்கே அவரிடமும் போட்டுக் கொடுத்துவிட்டாள், அம்மா டேய் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிருச்சு என்று.

மறுநாள் என் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "யாருங்க" என்று கேட்டேன்.

"டேய் பேசுறேன் அத்தை. கலா இருக்காளா?"

போனைத் தவிட்டுப் பானைக்குள் போட்டுவிட்டேன். நாலு வருடமாக இதேதான் நடக்கிறது. இப்போது பேரன் வேறு கற்றுக்கொண்டான். மாப்பிள்ளை வண்டி வாசலில் வந்து நின்றால், அவன் உள்ளே ஓடிவந்து சத்தமாகச் சொல்கிறான், "அம்மாயி, ஒன் டேய் வந்திருக்கு."