நொட் கிவின் அண்ணையின் மூன்றாவது பரீட்சை

வாசித்ததை விளங்கிக்கொள்வதில் நொட் கிவின் அண்ணையை வெல்லக்கூடிய ஆள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. வாசித்து விளங்கும் பரீட்சையில் அடுத்தடுத்து இரண்டு தரம் தவறியவரும் அவர்தான். ஒரே ஆளுக்கு இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்பீர்கள். எட்டு மாதம் அவரோடு ஒரே வகுப்பில் இருந்த எனக்கு அது விளங்கவே நாலு மாதம் எடுத்தது.

நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரின் மேல்மாடியில், சனி ஞாயிறு பின்னேரங்களில், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலப் பரீட்சைக்கு வகுப்பு நடக்கும். நான் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அண்ணன் இலண்டனில் இருந்துகொண்டு, "நீயும் படிக்க வா" என்று சொன்னதால் அந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அண்ணை தெல்லிப்பழையில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களைத் திருத்துவது அவருடைய தொழில். நாற்பத்தொரு வயது. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கிறீஸ் இருக்கும். கனடாவில், அவருடைய ஒன்றுவிட்ட தமையன் வேலை செய்யும் பண்ணை இயந்திரப் பட்டறையில் அவருக்கும் ஒரு வேலை காத்திருந்தது. பேச்சு, கேட்டல், எழுத்து மூன்றிலும் போதிய புள்ளி எடுத்துவிடுவார். வாசிப்பு மட்டும் காலை வாரிவிடும். மூன்றாம் தரமும் தவறினால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பட்டறைக்காரர் எழுதியிருந்தார்.

வாசிப்புப் பரீட்சையில் மூன்று நீண்ட பாசேஜ், அதாவது உரைப்பகுதிகள், வரும். அறுபது நிமிடத்தில் நாற்பது கேள்வி. அதில் ஒரு வகைக் கேள்வியில் ஒரு வசனத்தைத் தந்து, பாசேஜின்படி அது சரியா, பிழையா, அல்லது அதைப்பற்றி ஒன்றுமே சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால் 'நொட் கிவின்' என்று எழுத வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு விடை. அண்ணைக்கோ அது ஒரு அழைப்பிதழ்.

முதல் நாள் வந்த பாசேஜ், தனித் தீவொன்றில் முப்பது வருடம் கலங்கரை விளக்கைக் கவனித்த ஒருவரைப் பற்றியது. 'அவர் தன் குடும்பத்தை நினைத்து வருந்தினார்' என்பது கேள்வி. நொட் கிவின் என்று நிரோஷா மிஸ் சொன்னா. எங்கள் மிஸ்ஸுக்கு இருபத்தெட்டு வயது. கையில் எப்போதும் நேரம் பார்க்கும் கடிகாரம். பின்வரிசை வாங்கில் இருந்து அண்ணை எழும்பினார்.

"மிஸ், அந்த மனிசனுக்குப் பெண்சாதி இருந்தவவோ?"

"அது பாசேஜிலை இல்லை அண்ணை."

"பாசேஜிலை இல்லையெண்டால் மனிசி இல்லையெண்டு அர்த்தமோ?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்குத் தேவையில்லை."

"முப்பது வருசம் தனிய இருந்திருக்கிறான், மிஸ். ஆர் சமைச்சது?"

வகுப்பு சிரித்தது. அன்றைக்கே பெயரும் விழுந்துவிட்டது. அண்ணை அதைக் குறையாக எடுக்கவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று யாராவது "நொட் கிவின் அண்ணை" என்று கூப்பிட்டால், "ஓம், வாறன்" என்று திரும்பிப் பார்ப்பார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் ஒரு பாசேஜும் அவரிடமிருந்து தப்பவில்லை. தேனீக்களைப் பற்றிய பாசேஜில், அவை மனிதரின் முகத்தை அடையாளம் காணக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அடுத்த சனிக்கிழமை அண்ணை இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடி வந்தார்.

"என்ன அண்ணை நடந்தது?" என்று கேட்டேன்.

"சுன்னாகத்திலை ஒராள் தேனீ வளக்கிறார், தங்கச்சி. செவ்வாய்க்கிழமை போய்ப் பெட்டியைக் கொஞ்சம் தட்டிப் பாத்தன். வியாழக்கிழமை திரும்பப் போய்ச் சும்மா நிண்டனான்."

"பிறகு?"

"பாசேஜ் சொன்னது சரி."

துருவக் கடலில் பனிக்கட்டிக்குள் சிக்கிய கப்பலைப் பற்றிய பாசேஜ், மாலுமிகள் கடைசிப் பிஸ்கட் பெட்டியை உடைக்கும் இடத்தில் முடிந்துவிட்டது. அண்ணையால் அதைத் தாங்க முடியவில்லை. பயிற்சிப் புத்தகத்தை அச்சிட்டவர்களுக்கு மின்னஞ்சல் போட்டார். ஆட்கள் உயிரோடு திரும்பினார்களா, தயவுசெய்து அறியத் தரவும். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பாசேஜ் பரீட்சைக்காகச் சுருக்கப்பட்டது என்றும், எழுதியவர் யார் என்று தங்களுக்கும் தெரியவில்லை என்றும் இருந்தது. அண்ணை அதை அச்செடுத்து வகுப்பு முழுக்கக் காட்டினார். "பாத்தீங்களோ, அவைக்கும் தெரியாது" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி.

இவ்வளவுக்கும் பயிற்சிப் பரீட்சையில் அவருக்கு நாற்பதுக்குப் பதினேழு. எனக்கு முப்பத்தாறு. முதலாவது பாசேஜிலேயே அவருக்கு நாற்பது நிமிடம் போய்விடும். மற்ற இரண்டையும் அரைகுறையாகப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கும். மிஸ் என்னை அவருக்குப் பக்கத்தில் இருத்தி, "நீங்கள் அண்ணைக்கு வேகத்தைப் பழக்குங்கோ" என்றா. நானும் பெருமையோடு என் வழியைக் காட்டினேன். முதலில் கேள்வியைப் பார்க்க வேண்டும். அதில் உள்ள பெயரையோ இலக்கத்தையோ பாசேஜில் தேட வேண்டும். அந்த இரண்டு வரியை வாசித்து விடையை எழுதிவிட்டு ஓட வேண்டும்.

அண்ணை பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார், "தங்கச்சி, இப்ப நீர் செய்து முடிச்ச பாசேஜ் எதைப் பற்றினது?"

நான் யோசித்தேன். ஏதோ ஒரு பறவை. அல்லது பறவையின் பெயருள்ள ஒரு ஊர்.

"பன்ரண்டு கேள்வியும் சரியாப் போட்டிருக்கிறீர்," என்றார் அவர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இது எப்படி நடக்கிறது என்று உண்மையாகவே அறிய விரும்பினார். ஒரு மோட்டர் தண்ணீர் இல்லாமலே ஓடுவதைக் கண்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவருடைய மனைவி கௌரி அக்கா மருந்துக்கடைக்கு வந்தா. மகளின் இருமலுக்கு மருந்து வாங்கினா. வாங்கிய பிறகும் போகவில்லை.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். இவர் இந்தமுறை பாஸ் பண்ணுவாரோ?"

"எல்லாம் விளங்குது அக்கா அவருக்கு. நேரந்தான் காணாது."

"எங்கை போனாலும் உதுதானே. மோட்டருக்கு ஒரு வோசர் மாத்தப் போற மனிசன், அந்தக் கிணத்தை ஆர் வெட்டினது, எத்தினை முழத்திலை கல்லு வந்தது எண்டு கேட்டுக்கொண்டு நிப்பார். பின்னேரம் போன மனிசன் பொழுதுபட்டுத்தான் வருவார்." அக்கா மருந்துப் போத்தலை உருட்டிக்கொண்டு நின்றா. "பிள்ளைக்கு அங்கை பள்ளிக்கூடம் கூடப் பாத்து வைச்சிட்டினம். பட்டறைக்காரர் இதுக்கு மேலை காத்திருக்க மாட்டினம், தங்கச்சி."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு புது ஏற்பாட்டோடு போனேன்.

"அண்ணை, பாசேஜிலை என்ன அறிய விருப்பமோ, அதை ஓரத்திலை ஒரு சொல்லிலை எழுதிப்போட்டு அங்கால போங்கோ. முடிஞ்ச பிறகு ரெண்டுபேருமாத் தேடுவம்."

"தேடுவமோ? உண்மையாவோ?"

"உண்மையாத்தான்."

அந்த ஒரு வாக்கு வேலை செய்தது. 'மனிசி?' என்று ஓரத்தில் எழுதுவார், அடுத்த பந்திக்குப் போவார். 'ஏன் நீலம்?' என்று எழுதுவார், போவார். பதினேழு இருபத்திரண்டாகியது, பிறகு இருபத்தாறு. ஆனால் வாக்குக் கொடுத்தவள் நான் அல்லவா. வகுப்பு முடிந்ததும் கீழே தேநீர்க்கடையில் கைபேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. நீல முட்டை ஏன் நீலம், பழைய ஆட்கள் உப்பை எப்படிக் கொண்டுபோனார்கள் என்றெல்லாம் நான் வாழ்க்கையில் முதல்தரமாக அறிந்துகொண்டேன். தேநீர்க்கடைக்காரரே ஒருநாள், "இண்டைக்கு என்ன விசயம்?" என்று கேட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

பரீட்சை நாள். ஒரே மண்டபத்தில் நான் முன்னுக்கு, அண்ணை இரண்டு வரிசை பின்னுக்கு. மூன்றாவது பாசேஜைப் புரட்டியதும் எனக்கு அண்ணையின் நினைவுதான் வந்தது. சுண்ணாம்புக்கல் நிலத்தின் கீழே நன்னீர் எப்படித் தேங்குகிறது, கிணறுகள் எப்படி உவராகின்றன என்பதுதான் விடயம். அவருடைய இருபது வருடத் தொழில். மனுசன் இனி ஓரத்தில் எழுதமாட்டார், புத்தகமே எழுதுவார் என்று பயந்தேன். திரும்பிப் பார்க்கவும் முடியாது.

முடிந்து வெளியே வந்தபோது அண்ணை வேப்பமர நிழலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"முடிச்சீங்களோ அண்ணை?"

"நாப்பதும் எழுதினன்."

"பிறகென்ன?"

"தங்கச்சி, முப்பத்தேழாவது கேள்வி. கூட இறைச்சால் கிணறு உவராகும் எண்டு தோட்டக்காரருக்கு முந்தியே தெரியும் எண்டு இருந்தது. அது சரி. எங்கடை ஆக்களுக்குத் தெரியும். எத்தினை பேர் எனக்குச் சொல்லியிருக்கினம். ஆனால் பாசேஜிலை ஒரு சொல்லும் இல்லை."

"என்ன போட்டனீங்கள்?"

"நொட் கிவின் எண்டு போட்டன். அவையளை ஒண்டும் தெரியாத ஆக்களாக்கிப் போட்டன் போலக் கிடக்குது."

எட்டு மாதம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவள் நான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிவு வந்தது. தேவையான புள்ளியை அண்ணை மட்டுமட்டாக எடுத்திருந்தார். கௌரி அக்கா தொலைபேசியில் அழுதா. நிரோஷா மிஸ் வகுப்பிலேயே கைதட்ட வைத்தா. எனக்கும் நல்ல புள்ளிதான். வீட்டில் கேக் வெட்டினார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எப்ப பயணம், எங்கே தங்குவாய் என்று உறவினர் எல்லோரும் விசாரித்தார்கள்.

அவர்கள் புறப்படும் நாள் காலை தெல்லிப்பழைக்கு வழியனுப்பப் போனேன். வீட்டு வாசலில் கொழும்பு போகும் வான் நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. மகள் முன் சீற்றில் ஏறியிருந்தாள். அண்ணை புதுச் சேட்டோடு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உம்மட்டை ஒண்டு கேக்க வேணும் எண்டு கன நாளா நினைச்சனான். உமக்குப் போக விருப்பமோ?"

"எல்லாம் சரிவந்திட்டுது அண்ணை, இலண்டனிலை படிக்க இடமும் கிடைச்சிட்டுது..."

"அது தெரியும். நான் கேட்டது விருப்பமோ எண்டு."

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று வந்தது. எனக்கே அது புதினமாக இருந்தது. மருந்துக்கடை வேலை பிடிக்கும் என்றேன். அண்ணன் சொன்னதற்காகத்தான் எழுதினேன் என்றேன். பிறகு என்னவெல்லாமோ சொன்னேன், அழுகையும் வந்தது. வான்காரர் ஹோர்ன் அடித்தார். கௌரி அக்கா வாசலில் இருந்து, "இஞ்சாருங்கோ, நேரமாகுது" என்றா.

அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ, தங்கச்சி சொல்லி முடிக்கட்டும்" என்றார். பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்து வைத்து, புதுக் காற்சட்டையோடு அதன்மேல் இருந்தார்.

"பிறகு?" என்று கேட்டார்.