பட்டினியின் முகவரி

கூரை ஒழுகவில்லை. அதுதான் பிரச்சினை.

பட்டினி, டிரைவரின் கட்டில் மேல் ஏறி நின்று கூரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கான்கிரீட். போன வருஷம்தான் அவன் அம்மா ஆள் வைத்துப் பூசி, வெள்ளையும் அடித்திருந்தாள். மருந்துக்குக்கூட ஒரு விரிசல் இல்லை. "ஓட்டைக் கூரை" என்று தொடங்கும் பாட்டை எழுதிவிட்டு, இப்படியொரு கூரைக்குக் கீழே உட்கார்ந்து பேட்டி கொடுத்தால் எவன் நம்புவான்?

பட்டினி என்பது அவன் ராப் பாடுவதற்காக வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் அவன் பெயர் கண்ணா. அம்மா பல் டாக்டர். சொந்தக் கிளினிக், இரண்டு மாடி வீடு, முற்றத்தின் ஓரத்தில் கார் ஷெட், அதற்கு மேலே டிரைவருக்கு ஓர் அறை. படிப்பை முடித்துவிட்டு, வேலை தன்னைத் தேடி வரட்டும் என்று பெருந்தன்மையோடு காத்திருந்த பட்டினி, தன் அறையின் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடுவான். கோட்டுக்கும் கம்பளிக்கும் நடுவில் நின்றால் எதிரொலி வராது. அங்கே நின்றுதான் இதைப் பாடி, பதிவு செய்து இணையத்தில் போட்டான்:

*ஓட்டைக் கூரை, ஒத்தைப் பாயி, ஒழுகுது வானம்;*
*ஒருவேளைச் சோத்துக்குத்தான் ஒதுங்குது மானம்.*
*பாத்திரம் தேய்ச்சே அம்மா கையில ரேகை தேஞ்சு போச்சு;*
*பாத்துச் சொல்ல வந்த ஜோசியனுக்குப் பேச்சே நின்னு போச்சு.*

இதைக் கேட்டவர்களில் ஒருவர் பேராசிரியர். "புதுக்கவிஞர்கள் எதுகையையும் மோனையையும் வீட்டை விட்டுத் துரத்தினார்கள், ராப் பாடுகிற பிள்ளைகள்தான் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள்" என்று மேடைக்கு மேடை சொல்லி வந்தவர். ராப் வரிகளைக் கவிதையென்றே அச்சிட்டு, 'தழும்பின் தாளம்' என்று ஒரு தொகுப்புக் கொண்டுவரப் போகிறார். அதில் இடம் பிடிக்க ஒரே ஒரு நிபந்தனை. பாடுகிறவன் தான் வாழ்ந்ததைப் பாடியிருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய அவரே வீட்டுக்கு வருவார். வீடு பொய்யென்றால் கவிதையும் பொய்.

அலமாரிக்குள் பாடிக்கொண்டிருந்தவனுக்கு அச்சில் ஏறும் யோகம். வீடு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்பதற்காக அதை விட முடியுமா? முந்தின நாளே அவன் டிரைவரைப் பிடித்தான்.

"அண்ணே, உங்க ரூம் நாளைக்கு ஒரு நாள் எனக்கு வேணும்."

"எடுத்துக்குங்க தம்பி."

சொல்வதற்கு நல்ல பொய்யாக இரண்டு தயார் செய்து வைத்திருந்த பட்டினிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"நமக்குள்ள என்ன தம்பி? நான் பாட்டுக்குப் பெரிய வீட்டு ஹால்ல உக்காந்துக்கிறேன். போன் வந்தா எடுக்க ஆள் வேணும்ல."

"அம்மாவை மட்டும் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க. சாயங்காலமா வரட்டும்."

"அதை நானே சொல்லணும்னு இருந்தேன்" என்ற டிரைவர் சட்டென்று இருமினார். "வண்டியில ஏதோ சத்தம் வருது தம்பி. கழட்டிப் பாக்கணும்."

டிரைவர் முப்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். இவ்வளவு பேசியதே பட்டினிக்கு ஆச்சரியம்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அறைக்குள் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அங்கே கால் வைத்ததில்லை. அதைப் பற்றி மூன்று பாட்டு மட்டும் எழுதியிருந்தான். உள்ளே பூப்போட்ட திரைச்சீலை, சுவரில் டி.வி., மூலையில் குட்டி பிரிட்ஜ், அவன் மெத்தையைவிடத் தடிமனான மெத்தை. ஒரு ஏழையின் அறையை இவ்வளவு அலட்சியமாக வைத்திருக்கிறாரே என்று அவனுக்குக் கோபம் வந்தது.

திரைச்சீலையைக் கழற்றினான். டி.வி. மேல் கோணிப்பையைப் போட்டான். மெத்தையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் திணித்தான். பிரிட்ஜ் நகரவில்லை, அதற்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டான். இப்போது கூரை. ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, குவளையால் மொண்டு, மேலே ஓங்கி வீசினான். வீசிய தண்ணீரைக் கூரை ஒரு சொட்டுகூட வைத்துக்கொள்ளாமல் அவன் தலையிலேயே திருப்பிக் கொடுத்தது.

ஈரம் சொட்ட, கிழிந்த பனியனோடு அவன் நின்றபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

முதலில் பேராசிரியரின் வயிறு வந்தது, பிறகு அவர் வந்தார். பின்னால் கழுத்தில் கேமராவோடு ஒரு பெண். உலகத்தில் எதையும் நம்பாத முகம்.

"பட்டினி?" என்றார் பேராசிரியர், கோயிலுக்குள் பேசும் குரலில்.

"ஆமா சார். நான்தான்."

பேராசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். கண்ணை மூடி, "ஓட்டைக் கூரை, ஒத்தைப் பாயி, ஒழுகுது வானம்" என்றார். விரல் விட்டு எண்ணினார். "ஓட்டை, ஒத்தை, ஒழுகுது. அடுத்த அடியில ஒருவேளை, ஒதுங்குது. அஞ்சு மோனை. கவனிச்சியாம்மா?"

கேமராக்காரப் பெண் கூரையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். "வெளிய வெயில் மண்டையைப் பிளக்குது. தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"நேத்து மழை" என்றான் பட்டினி.

"நேத்து மழையே இல்லையே."

பட்டினி வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினான். "எங்க மேல மட்டும் பெய்யும்ங்க."

பேராசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எங்க மேல மட்டும் பெய்யும்! எழுதிக்கோம்மா, எழுதிக்கோ. இதெல்லாம் படிச்சு வராது."

படித்து வரவில்லைதான், பயத்தில் வந்தது.

"உடம்பு ஒண்ணும் பட்டினி கிடந்த மாதிரி தெரியலையே" என்றாள் அவள், அவன் கன்னத்தைக் கேமரா வழியாகப் பார்த்தபடி.

"வீக்கம்" என்றான் பட்டினி.

அந்த நேரம் பார்த்துப் போர்வைக்குள் இருந்த பிரிட்ஜ் 'உர்ர்ர்' என்று விழித்துக்கொண்டது.

"அது என்ன சத்தம் தம்பி?"

"வயிறு சார்."

பேராசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். நிமிஷக்கணக்கில் ஒரே சுருதியில் உறுமும் வயிற்றைக் கேமராக்காரப் பெண் சந்தேகமாகப் பார்த்தாள். பட்டினி வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான். பிரிட்ஜ் அதற்குக் கட்டுப்படவில்லை.

"இப்ப அந்த வரியைப் பாடுங்க" என்றார் பேராசிரியர். "அம்மா வரி. இந்தத் தாளத்துக்கே பாடுங்க. பசியே உங்களுக்கு மத்தளம் அடிக்குது."

பட்டினி பாடினான். பிரிட்ஜின் உறுமலைப் பிடித்துக்கொண்டு பாட, பாட்டு அலமாரிக்குள் பாடியதைவிட நன்றாகவே வந்தது. கண்ணை மூடி, கையை வீசி, "பாத்திரம் தேய்ச்சே அம்மா கையில ரேகை தேஞ்சு போச்சு" என்று உருகியவன் கண்ணைத் திறந்தால், வாசற்படியில் அம்மா நிற்கிறாள்.

கிளினிக் வாசலில் காருக்காகக் காத்துக் காத்து, கடைசியில் வாடகைக் காரில் வந்தவள். டிரைவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று படியேறியவள். தன் கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது மெஷின்.

"யார் இந்த அம்மா?" என்றார் பேராசிரியர்.

பட்டினியின் வாய் மூளைக்காகக் காத்திருக்கவில்லை. "பெரிய வீட்டு அம்மா சார்."

அம்மா அவனைப் பார்த்தாள். பனியனைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்த மெத்தையைப் பார்த்தாள். எத்தனையோ பேர் வாயைத் திறக்கச் சொல்லிப் பொய்யைக் கண்டுபிடித்த கண்.

"அப்படியா" என்றாள்.

பேராசிரியருக்கு அறச்சீற்றம் பொங்கியது. "ஏம்மா, நீங்க மாடி மேல மாடி கட்டியிருக்கீங்க. உங்க நிழல்லயே ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறான். ஒரு நாளாவது கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கீங்களா?"

"தினமும் கூப்பிடுறேன் சார். வர்றதில்ல."

"தன்மானம்" என்றார் பேராசிரியர். "எழுதிக்கோம்மா."

"தட்டுல போட்டு வச்சா, எடுத்துட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கிறான்."

"தனிமை. அதையும் எழுதிக்கோ. இவங்க அம்மா பாவம், எப்படிப்பட்டவங்களோ?"

"எனக்கு நல்லாத் தெரியும் சார்" என்றாள் அம்மா. "ரொம்பப் பொறுமைசாலி. இன்னிக்கு வரைக்கும்."

பட்டினி தரையைப் பார்த்தான். தரையில் இருந்த தண்ணீரில் அவன் முகம் தெரிந்தது. அதுவும் அவனைப் பார்க்க விரும்பவில்லை.

எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினார்கள். பேராசிரியர் பட்டினியின் தோளில் கை போட்டார். "முடிவு பண்ணிட்டேன் தம்பி. புத்தகத்துல முதல் கவிதை உங்களோடது."

பட்டினிக்கு உச்சி குளிர்ந்தது. அம்மாவிடம் இரவு வாங்கப் போவது எதுவானாலும் இனிக் கவலையில்லை. முதல் கவிதை!

"கடைசிக் கவிதை யாரோடது சார்?" என்று, நிஜமாகவே பெரிய வீட்டு அம்மாவைப் போல, அம்மா மரியாதைக்குக் கேட்டாள்.

"அதையும் பாக்கத்தான் போறோம். ராஜபோகம்னு ஒருத்தர். பிறவிப் பணக்காரர். ஏழ்மையை ஏழை பாடணும், செல்வத்தைச் செல்வந்தன் பாடணும். அதுதாம்மா இலக்கிய நேர்மை. இவர் தங்கம், வைரம்னு அளக்கிற ஆள் இல்ல. கேளுங்க." பேராசிரியர் தொடையில் தாளம் போட்டார்:

*மாடிப்படி வளைவு ஏற மார்பிள் காலு கூசும்,*
*மஞ்சமீனு தொட்டிக்குள்ள மணிக்கணக்கா பேசும்.*
*எட்டுப் பேரு உக்காரும் மேசை, ஏழு நாற்காலி தூங்கும்;*
*எக்ஸ்ரே பாத்துக்கிட்டே அம்மா எனக்காக ஏங்கும்.*

பட்டினி முதலில் மோனையைத்தான் கவனித்தான், நன்றாக இருந்தது. பிறகு மீனைக் கவனித்தான். அப்புறம் எக்ஸ்ரே. அவர்கள் சாப்பாட்டு மேசைக்கு எத்தனை நாற்காலி என்று யோசித்தான். சட்டென்று நினைவு வரவில்லை. அவன் அங்கே உட்கார்ந்தே நாளாகிவிட்டது.

கைப்பையில் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"அந்தக் கடைசி வரி" என்றாள். "இன்னொரு தரம் சொல்லுங்க சார்."

பேராசிரியர் மகிழ்ச்சியோடு இன்னொரு தரம் சொன்னார்.

கேமராக்காரப் பெண் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். "சார், ராஜபோகம் சாரா? உங்க அட்ரஸ்லதான் நிக்கிறோம் போலிருக்கு. பக்கத்துல கார் ஷெட், அதே பெரிய வீடுதானே?"

பெரிய வீட்டின் கதவு திறந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காதில் போன். டிரைவர் வாசற்படியில் நின்று, இரண்டு கையையும் அகல விரித்தார்.

"வாங்க, வாங்க. எளிய குடில். உள்ள..."

அம்மாவைப் பார்த்ததும் கை இரண்டும் இறங்கின. கறுப்புக் கண்ணாடியும் இறங்கியது. வலது கை பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தேடியது. அவர் பார்வை பட்டினியின் மேல் விழுந்தது. பட்டினியின் பார்வை அவர் மேல். ஒரே அறையையும் ஒரே வீட்டையும் மாற்றிக்கொண்ட இரண்டு கவிஞர்களும் ஒருவரையொருவர் முதல் தடவையாகச் சந்தித்தார்கள்.

பேராசிரியர் வீட்டைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், அம்மாவிடம் திரும்பினார். அவர் நெற்றி மெல்லச் சுருங்கியது.

"இது உங்க வீடுன்னுதானே சொன்னாங்க? அப்ப இவர் யாரும்மா?"

பட்டினி கண்ணை மூடிக்கொண்டான். அம்மா உண்மையைச் சொன்னால் முதல் கவிதை போச்சு, கடைசிக் கவிதை போச்சு, ஒருத்தர் வேலையும் போச்சு. சொல்லாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

அம்மா கைப்பையை மூடினாள்.

"என் மூத்த பிள்ளை சார்" என்றாள். "உள்ள வாங்க, எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடலாம். டேய் பட்டினி, நீ அண்ணனோட காரைத் துடைச்சு நிழல்ல விட்டுட்டு வா."