என் கலியாணத்தைக் கன்னியாவுக்குக் கொண்டுபோன பாருங்கோ அண்ணை

திருகோணமலைத் துறைமுகத்தைக் கடவுள் படைத்தார் என்று சொல்கிறவர்கள் பாருங்கோ அண்ணையின் காரில் ஏறாதவர்கள். ஏறியவர்களுக்கு உண்மை தெரியும். துறைமுகத்தைப் படைத்தவர் அண்ணைதான். கடவுள் பக்கத்தில் நின்று கொஞ்சம் ஒத்தாசை செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. பஸ் நிலையத்துக்கு எதிரே வாடகைக்கு நிற்கும் ஒரு பழைய ஏ-40 கார் அவருடையது. ஏறியவரிடம் எங்கே போகவேண்டும் என்று மரியாதையாகக் கேட்பார். பதிலைக் காதில் வாங்கமாட்டார். கொஞ்சத் தூரம் போனதும் காரை நிறுத்திக் கையை நீட்டி, "பாருங்கோ" என்பார். பார்த்தே ஆகவேண்டும். பிரசவ நோவோடு ஏறிய சாம்பல்தீவுப் பெண் ஒருத்திகூடக் கோட்டை வாசலைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் கோட்டை என்றால் உயிர் என்று அண்ணையே சொல்லித் திரிவார்.

ஊரில் உள்ளது எல்லாம் அவருக்கு 'எங்கட'தான். எங்கட கோட்டை, எங்கட மலை, எங்கட சுடுதண்ணி. கோணேசர் கோயிலில் வைத்து யாராவது மழையில் நனைந்துவிட்டால், தன் வீட்டுக் கூரை ஒழுகிவிட்டதைப் போலக் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்பார். கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு மனைவி வீட்டாரின் உறவுமுறைகளைக் கொடுத்திருந்தார். "உதுதான் பெரிய மச்சான். நாங்கள் கூப்பிட்டால் திரும்பியும் பாராது" என்று ஒரு கொம்பனைக் காட்டுவார். அவருடைய உண்மையான பெரிய மச்சானையும் எனக்குத் தெரியும். மானுக்குத்தான் அநியாயம் நடந்தது.

ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, இதைவிடப் பெரியது தன் நாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அண்ணை கோபிக்கவில்லை. காரைத் திருப்பி வேறொரு மேட்டில் நின்று காட்டினார். பிறகு இன்னொரு மேடு. பொழுது சாயும் நேரத்தில் அந்த மனிதர் தன் நாட்டில் துறைமுகமே கிடையாது என்று ஒப்புக்கொண்டதாகக் கேள்வி.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் என் கலியாணம் போய் மாட்டியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பனின் கலியாண வீட்டில் யோகம் என்ற பெண்ணைக் கண்டேன். கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாதகம் பொருந்தியது. அம்மாவுக்குச் சம்மதம். யோகத்துக்கும் சம்மதம் என்று காற்றுவாக்கில் ஒரு கதை வந்தது. அவளுடைய தகப்பன்தான் இழுத்தடித்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தாயை இழந்த ஒரே மகளை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. ஊரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று ஆள் மூலம் அறிவித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அன்றைக்கென்று பார்த்துத் தம்பலகாமத்தில் திருவிழா. வாடகைக் கார்களெல்லாம் அங்கே போய்விட்டன. ஒன்றே ஒன்று நின்றது. எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அண்ணையைத் தனியே கூப்பிட்டுக் கையைப் பிடித்தேன். "அண்ணை, என்ர வாழ்க்கை உங்கட கையில கிடக்கு. துறைமுகம், கோட்டை, கோயில். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டை வரவேணும். வேற ஒரு இடமும் வேண்டாம்."

"நீர் ஏன் தம்பி பயப்பிடுறீர்? பின்னேரம் மனுசன் தானும் இஞ்சையே இருக்கப்போறன் எண்டு சொல்லுவார், பாரும்."

துறைமுகத்தில் காரை நிறுத்தி, "பாருங்கோ ஐயா" என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். "தண்ணி. கப்பல். சரி, அடுத்தது" என்றார். அண்ணையின் பிடரி சிவந்ததைப் பின் சீட்டில் இருந்த நான் கண்டேன்.

கோட்டைக்குள் பெரிய மச்சான் ஜன்னலுக்குள் தலையை விட்டு, வந்தவரின் பட்டுச் சால்வையின் ஒரு முனையைச் சாப்பிட்டுவிட்டது. "ஐயா, உங்களை நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. எல்லாரின்ர சால்வையையும் தின்னாது" என்று அண்ணை வாழ்த்தினார். கோயிலில் கும்பிட்டு முடிந்ததும் இராவணன் வெட்டுக்குக் கூட்டிப்போய், மலை பிளந்து கடலுக்குள் இறங்கும் அந்த விளிம்பில் அவரை நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்கோ" என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு பிள்ளைதான் தம்பி. அவளுக்கு நான் உயிரோட வேணும்" என்றார்.

இனி வீடு என்று நான் மூச்சு விட்டேன். கார் அநுராதபுரம் வீதியில் ஏறியது.

"அண்ணை, வீடு மற்றப் பக்கம்."

"கன்னியாவில குளிக்காத ஆளைத் திருகோணமலைக்கு வந்தவர் எண்டு சொல்லேலாது தம்பி."

கன்னியாவில் ஏழு சின்னக் கிணறுகள். கைக்கெட்டுகிற ஆழம்தான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூட்டில் வெந்நீர் ஊறும். ஊர்ச் சனம் உல்லாசமாகக் குளிக்கப் போகிற இடம். செத்தவர்களுக்குக் கடமை செய்யப் போகிற இடமும் அதுதான். நல்ல காரியம் பேச வந்தவரை அங்கே கூட்டிப்போக எங்கள் ஊரில் வேறு யாருக்கும் துணிவு வந்திராது.

நாங்கள் போய் இறங்கியபோது ஐயர் ஒருவர் வாழையிலையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார். ஈர வேட்டியோடு இரண்டு ஆண்பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"தம்பி, இது என்ன இடம்?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கேட்டார். அண்ணை முந்திக்கொண்டார்.

"எங்கட ஆக்கள் செத்தவைக்குக் கடமை செய்யிற இடம் ஐயா."

"நான் என்ர பிள்ளையின்ர கலியாண விசயமா வந்தனான். நீர் என்னை ஒரு அந்திரட்டிக்குள்ள கொண்டுவந்து விட்டிருக்கிறீர். காரைத் திருப்பும். எனக்கு இந்தச் சம்மந்தமும் வேண்டாம், உங்கட ஊரும் வேண்டாம்."

யோகம் போய்விட்டாள். அண்ணையை அந்த இடத்திலேயே கொன்றுவிடலாமா என்று நினைத்தேன். கடமை செய்ய ஐயரும் ஆயத்தமாகத்தான் நின்றார்.

அண்ணை காரைத் திருப்பவில்லை. அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. "ஐயா, பிள்ளையின்ர அம்மா?" என்று கேட்டார்.

"மோசம் போய் ரெண்டு வருசம்."

"அப்ப அவவிட்ட ஆர் கேக்கிறது?"

கார்க் கதவில் வைத்த கையை ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்தார்.

"பெத்த தாயைக் கேக்காமல் எப்பிடி முடிவெடுப்பியள்? கடவுளிட்டக் கேக்கிறதை நீங்கள் கோயில்ல கேட்டிட்டியள். அம்மாவிட்டக் கேக்கத்தான் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான். அவ வேண்டாமெண்டு சொன்னால் நானே உங்களை பஸ்ஸில ஏத்திவிடுறன்."

இதை அவர் முன்பே யோசித்து வைத்திருந்தாரா, அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் வெகு நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மான் கடித்த சால்வையையும் மணிக்கூட்டையும் என் கையில் தந்துவிட்டுக் கிணற்றடிக்கு இறங்கினார். ஒவ்வொரு கிணறாகப் போய் அள்ளி அள்ளி ஊற்றினார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அண்ணை மெல்ல, "இந்தக் கிணறுகளை இராவணன் தன்ர தாய்க்குக் கடமை செய்ய..." என்று தொடங்கினார். நான் அவருடைய வாயைப் பொத்தினேன்.

திரும்பி வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. "சூடு கொஞ்சம் கூடத்தான்" என்றார். காரில் ஏறிப் பாதி வழி வந்தபிறகுதான் கதைத்தார்.

"அவவுக்குத் திருகோணமலையைப் பாக்க ஆசை. நான் ரயில், ரயில் எண்டு நிண்டு ஒருநாளும் கூட்டிக்கொண்டு வரேல்ல." மணிக்கூட்டை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார். "தம்பி, அடுத்த மாசம் நாள் பாப்பமோ?"

நான் வாய் திறக்குமுன், "ஓம், பாப்பம்" என்று அண்ணைதான் மாப்பிள்ளையாக நின்று பதில் சொன்னார். திரும்பும் வழியில் துறைமுகத்தை அவர் மறுபடி காட்டினார். இந்தமுறை ஸ்டேஷன் மாஸ்டர் இறங்கி நின்று பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா குசினியில் மத்தியானச் சாப்பாட்டை இராச் சாப்பாடாக மாற்றிக்கொண்டிருந்தா.

அண்ணை போய்ப் பல வருடங்களாகிவிட்டன. மாமாவாகிவிட்ட ஸ்டேஷன் மாஸ்டரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டா. போன மாதம் என் மூத்த மகளுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு சம்மந்தம் வந்தது. "என்ன சொல்லப்போறியள்?" என்று யோகம் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிக் கன்னியாவுக்குப் போனேன். நான் ஒருநாளும் காணாத மாமியிடம் கேட்டேன். மாமாவிடமும் அம்மாவிடமும் கேட்டேன். முறைப்படி கேட்கவேண்டியவர்கள் அவ்வளவுதான். ஆனால் கிணற்றடியை விட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு வாளி அள்ளி ஊற்றி, எனக்கு ஒரு உறவுமில்லாத அந்த மனிதரிடமும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.